எட்டாம் மாதத்து யானைகள்

அந்தத் தெருவில் அவளுடைய பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. பொம்மைக்காரி வீடு என்று கேட்டால் எல்லாரும் வழி காட்டிவிடுவார்கள். மாடிப்படி ஏறியதும் இடது கைப்பக்கக் கதவு. உள்ளே நுழைந்தால் நீளமான ஓர் அறை. அதில் மனிதர்கள் உட்கார ஒரு மூலைதான் மிச்சம். மற்ற இடமெல்லாம் நூல்கண்டுகள், பஞ்சு மூட்டைகள், காது தைக்காத முயல்கள், உடம்பு கிடைக்காத தலைகள்.

அவள் செய்தது குரோஷா பொம்மைகள். நுனியில் சின்னக் கொக்கி வைத்த ஒற்றை ஊசியால் பருத்தி நூலை வளையம் வளையமாகப் பின்னி, உள்ளே பஞ்சடைத்து, கண்ணும் மூக்கும் தைத்துக் கொடுப்பாள். கண்ணுக்குப் பொத்தான் வைக்கமாட்டாள். பல் முளைக்கிற பிள்ளை எதையும் கடித்துப் பிய்த்துவிடும், தொண்டையில் சிக்கினால் யார் பதில் சொல்வது என்பாள். கறுப்பு நூலில் இழை இழையாகக் கண்ணைத் தைப்பதற்கு மட்டும் ஒரு முயலுக்கு அரை மணி நேரம் போகும். பொம்மை தயாரானதும் கணவனிடம் கொடுத்து, "கடிச்சு இழுத்துப் பாருங்க" என்பாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து களைத்து வருகிறவன் கையைக் கழுவிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தை மாற்றாமல் முயலின் காதைக் கடித்து இழுப்பான். "தேறுது" என்பான். அதன்பிறகுதான் அது பெட்டிக்குப் போகும்.

இந்தத் தொழில் அவள் திட்டம் போட்டு ஆரம்பித்ததில்லை. காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மற்றவர்களின் கோபத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். அந்தக் கிளையை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் பின்ன ஆரம்பித்தாள். அதைத் தொழிலாக்கியது கணவனின் அக்கா. இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த நாத்தனார் ஒருநாள் வந்து, ஜன்னல் ஓரம் வரிசையாக உட்கார்ந்திருந்த முயல்களைப் பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள். "இதையெல்லாம் வீட்ல வச்சு என்ன பண்ணப் போற, ஓட்டுப் போடவா?" என்று கேட்டாள். மறுவாரமே விற்க ஆரம்பித்துவிட்டாள். கை இவளுடையது, வாய் நாத்தனாருடையது என்று பிரிந்துகொண்டது தொழில். வாடிக்கையாளர்களிடம் பேசுவது, நூல்காரரிடம் பேரம் பேசுவது, போனில் படம் போடுவது, பார்சல் கட்டுவது எல்லாம் நாத்தனார். தினமும் காலையில் கணவரை அவருடைய கடிகாரக் கடைக்கு அனுப்பிவிட்டு வந்தால் பொழுது சாயும்வரை இங்கேதான். இருவரும் நாத்தனார், தம்பி பெண்டாட்டி என்று வெளியே சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அவ்வளவு சிரிப்பு அந்த அறையில்.

நாத்தனாருக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளையில்லை. அதைப் பற்றி அவள் பேசியதில்லை, மற்றவர்களையும் பேச விட்டதில்லை.

அதனால்தான், தனக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று தெரிந்தபோது இவளுக்குச் சந்தோஷத்தோடு ஒரு தயக்கமும் வந்தது. கணவனிடம் சொன்னாள். அம்மாவிடம் சொன்னாள். நாத்தனாரிடம் சொல்ல வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள். மசக்கை அவளுக்காகக் காத்திருக்கவில்லை. புதிதாக வந்த பஞ்சு மூட்டையை நாத்தனார் பிரித்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் இவள் வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது நாத்தனார் மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டே கேட்டாள்.

"எத்தனாவது மாசம்?"

"ரெண்டு முடியப் போகுது, அண்ணி. சொல்லணும்னுதான் இருந்தேன்."

"சொல்லாட்டி எனக்குத் தெரியாதா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள். அடுத்த நாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. இவள் போன் செய்ய எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். மூன்றாம் நாள் காலையில் நாத்தனார் ஒரு தள்ளுவண்டியோடு வந்து நின்றாள். பஞ்சு மூட்டைகள் மொத்தத்தையும் தன் வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போனாள். இனிமேல் பஞ்சடைப்பது தன் வேலை, உடம்பைப் பின்னிக் கொடுத்தால் போதும் என்றாள். இரண்டு நாள் எங்கே போனீர்கள் என்று இவள் கேட்கவில்லை. அவள் கண் வீங்கியிருந்ததை இவள் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

முதல் ஸ்கேனுக்கு ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டுதான் போனாள். மருத்துவமனையில் எள் விழ இடமில்லை. காத்திருந்த நேரத்தில் ஒரு கரடியின் கால்கள் இரண்டையும் முடித்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் என்ன ஏது என்று விசாரிக்க, கூட வந்திருந்த நாத்தனார் அங்கேயே கடை விரித்துவிட்டாள். பையிலிருந்த முயல்கள் மூன்றும் போயின. உள்ளே கூப்பிட்டபோது, விற்பனை பாதியில் நிற்கிறதே என்ற வருத்தத்தோடுதான் நாத்தனார் எழுந்தாள். ஆனால் அந்த இருட்டறையில் இயந்திரத்திலிருந்து முதல் முறையாக அந்தச் சத்தம் வந்ததும் அவள் வாயடைத்துப் போனாள். தடதடவென்று, யாரோ அவசரமாகப் படியேறி வருவதுபோல. வெளியே வந்து செருப்பை மாட்டினாள். பிறகு, "என்ன வேகம்! அப்படியே என் தம்பிதான், எதுலயும் பொறுமை கிடையாது" என்றாள்.

கர்ப்பத்தைப் பற்றி வாடிக்கையாளர்களுக்குத் தெரியப்படுத்தியதும் நாத்தனார்தான். பொம்மைகளின் படம் போடுகிற பக்கத்தில், மேசை நிறைய முயல்களுக்கு நடுவே இவள் வயிற்றில் கைவைத்துக்கொண்டு நிற்கிற படத்தைப் போட்டாள். வாழ்த்துகள் குவிந்தன. ஆர்டர்களும் கூடின. வாயும் வயிறுமாக இருக்கிறவள் கையால் பின்னிய பொம்மை என்றால் ஜனங்களுக்கு ஒரு பிரியம் வந்துவிடும்போல. முன்பின் பார்த்திராத பெண்கள் எல்லாம் மாதத்துக்கு ஒருமுறை விசாரித்தார்கள். தூக்கம் வருகிறதா, கால் வீங்குகிறதா, பையனா பெண்ணா, எப்போது நாள். இவளுக்கும் அது பிடித்திருந்தது. ஊர் முழுக்க அக்கா தங்கைகள் முளைத்ததுபோல இருந்தது.

வயிறு மேடிட்டதும் அது நல்ல வசதியான மேசை ஆயிற்று. நூல்கண்டை அதன்மேல் வைத்துக்கொண்டு பின்னுவாள். ஒரு மத்தியானம் கண்டு தானாக ஒரு துள்ளுத் துள்ளி உருண்டு கீழே விழுந்தது. எடுத்து வைத்தாள். மறுபடி விழுந்தது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கூப்பிட்ட குரலுக்கு நாத்தனார் சமையலறையிலிருந்து பதறிக்கொண்டு ஓடி வந்தாள். இவள் அவளுடைய கையைப் பிடித்து வயிற்றில் வைத்தாள். அதுவரை நாத்தனார் அங்கே தொட்டதில்லை. கையை எடுத்துக்கொள்ளத்தான் பார்த்தாள். அதற்குள் உள்ளிருந்து ஓர் உதை.

"என்னையே உதைக்கிறாளே" என்றாள் நாத்தனார். கையை எடுக்கவில்லை. அன்றிலிருந்து அது பெண் என்று முடிவாகிவிட்டது. டாக்டர் சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை. நாத்தனார் சொன்னாள், அவ்வளவுதான். தினமும் வந்ததும் வயிற்றுக்கு முன்னால் குனிந்து, இன்றைக்கு என்னென்ன ஆர்டர், எந்த வாடிக்கையாளர் எப்படிப் படுத்துகிறார் என்று ஒப்பித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள். கணவன் அதைப் பார்த்துவிட்டு, "இந்த வீட்ல ஏற்கனவே நூறு புள்ளைங்க. இவளை எங்கே படுக்க வைக்கிறதுன்னு யோசிச்சீங்களா? நான் இப்பவே பாதி நாள் கரடி மேலதான் தூங்குறேன்" என்றான்.

ஏழாம் மாதத்தில் வந்தது அந்த யானை ஆர்டர்.

குழந்தைகளுக்கான கடை வைத்திருந்த ஓர் அம்மா, பெரிய சாலையில் இன்னொரு கடை திறக்கப் போகிறார். திறப்பு அன்று ஜன்னல் முழுக்க யானைகள் வேண்டும். சாம்பல் நிறம், மடிந்த காது, நிமிர்ந்த தும்பிக்கை. அவர்கள் அதுவரை அவ்வளவு பெரிய ஆர்டர் பார்த்ததில்லை. நாத்தனார் போனைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன சொல்ல என்று இவளைப் பார்த்தாள். இவள் யோசிக்கவேயில்லை. "ஒத்துக்கோங்க அண்ணி. குழந்தை வந்துட்டா கொஞ்ச நாள் ஊசியத் தொட முடியாது. இப்ப முடிச்சிட்டா நிம்மதியா இருக்கலாம்" என்றாள்.

பிரசவத்துக்கு உதவியாக வந்திருந்த அவளுடைய அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. நிறைமாதம் நெருங்குகிற நேரத்தில் இப்படிக் கூனிக்கொண்டு உட்கார்ந்தால் குழந்தைக்கு எப்படி மூச்சு முட்டாது என்று காலையும் மாலையும் ஒரே பாட்டு. டாக்டரிடம் கேட்டார்கள். உட்கார்ந்து செய்கிற வேலைதானே, நடுநடுவே எழுந்து நடந்தால் போதும் என்றார் டாக்டர். அம்மாவுக்கு அந்தப் பதில் திருப்தியில்லை.

யானைகள் பாதிகூட ஆகவில்லை, இவளுடைய விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. காலையில் எழுந்தால் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் யாருடையவோ என்றிருக்கும். பின்னும்போது ஊசி நழுவிக் கீழே விழும். விழுந்தது தெரியாமல் கை மட்டும் அசைந்துகொண்டிருக்கும். கர்ப்பத்தில் உடம்பில் நீர் கோத்து மணிக்கட்டு நரம்பை அழுத்துகிறது, பிரசவமானால் தானாகப் போய்விடும் என்று நர்ஸ் சொன்னாள். மணிக்கட்டுக்குப் பட்டை ஒன்றைக் கொடுத்தாள். அதைக் கட்டிக்கொண்டால் ஊசியைப் பிடிக்க முடியாது. கட்டாவிட்டால் பிடித்தும் பிரயோஜனமில்லை.

ஆகவே வேலை தலைகீழானது. வாய்க்காரி நாத்தனார் பின்ன உட்கார்ந்தாள். அவளுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். முதல் யானை பன்றி மாதிரி வந்தது. இரண்டாவதற்குத் தும்பிக்கை கட்டைவிரல் அளவுதான் இருந்தது. இவள் சிரித்த சிரிப்பில் வயிறு குலுங்கியது. "சிரி, சிரி. உள்ள இருக்கிறவளும் சிரிக்கட்டும். அத்தை லட்சணம் இப்பவே தெரிஞ்சுக்கட்டும்" என்றாள் நாத்தனார், பிரித்துப் பின்னிக்கொண்டே. போகப் போகக் கை பழகிவிட்டது. கண் தைப்பதை மட்டும் இவள் விட்டுக்கொடுக்கவில்லை. மரத்த விரலால் ஊசியைப் பிடிக்க முடியாமல், உள்ளங்கையால் தள்ளித் தள்ளி, ஒவ்வொரு யானைக்கும் அவளே கண் வைத்தாள்.

எட்டாம் மாதம் முடியவிருந்தது. பெட்டிகள் கட்டுகிற நாள். மறுநாள் காலையில் கடையில் இருக்கவேண்டும். கூடம் முழுக்க யானைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. நாத்தனார் அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தாள். இவள் கடைசிச் சில யானைகளுக்குக் கண் தைத்துக்கொண்டிருந்தாள். கடைசி யானையின் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, அதை வயிற்றின்மேல் வைத்துக் கொஞ்சம் சாய்ந்தாள். யானை அப்படியே இருந்தது. ஆடாமல், சாயாமல்.

இவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் அசைந்தாளா? யோசித்துப் பார்த்தாள். நேற்று சாயங்காலம் லேசாகப் புரண்டது நினைவிருந்தது. காலையில்? விரலைப் பற்றியும் பெட்டியைப் பற்றியும் யோசித்துக்கொண்டிருந்ததுதான் ஞாபகம். இடமில்லாமல் சுருண்டு தூங்குகிறாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குளிர்ந்த தண்ணீர் குடித்தாள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தாள். வயிற்றைத் தட்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணி, இவ இன்னிக்கு அசையவேயில்ல."

நாத்தனார் பெட்டியை ஒட்டுகிற டேப்பைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்தாள்.  அப்படியே இவளைக் கைத்தாங்கலாகப் படியிறக்கி வண்டி பிடித்தாள். மருத்துவமனையில் இறங்கும்போதுதான் டேப் இன்னும் கையிலேயே இருப்பதைப் பார்த்தாள்.

நர்ஸ் கருவியை வயிற்றில் வைத்தாள். இடம் மாற்றினாள். மறுபடி மாற்றினாள். பிறகு டாக்டரைக் கூட்டிவந்தாள். ஸ்கேன் அறையில் டாக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த ஒரு செய்கையிலேயே இவளுக்குத் தெரிந்துவிட்டது. சத்தமே இல்லை. அந்த அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

"இதயத் துடிப்பு இல்லம்மா" என்றார் டாக்டர்.

"இன்னொரு தடவை பாருங்க டாக்டர்" என்றாள் நாத்தனார்.

அவர் இன்னொரு தடவை பார்த்தார். அவள் மறுபடியும் அதையே சொன்னாள். அவர் மறுபடியும் பார்த்தார். மூன்றாம் முறை அவள் வாயைத் திறந்தபோது இவள் அவளுடைய முழங்கையைப் பிடித்து, "போதும் அண்ணி" என்றாள்.

கணவன் அப்போது ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் வேலை செய்துகொண்டிருந்தான். அங்கே போன் எடுக்காது. அவனுடைய முதலாளி ஆளனுப்பித் தகவல் சொன்னபோது சாயங்காலமாகிவிட்டது. கைநிறைய கிரீஸோடு ஓடி வந்தவன், இவளைத் தொடாமல், அழுக்குக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு கட்டிலருகே நின்றான். இவள்தான் அந்தக் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

உயிருள்ள பிள்ளையைப் பெறுவதற்குப் படுகிற வலி எதுவும் இதற்குக் குறையவில்லை. மறுநாள் பொழுது விடிந்து வெயில் ஏறியபின் குழந்தை பிறந்தது. நாத்தனார் சொன்னது சரி. பெண்தான். தலைநிறைய முடி. அப்பனுடைய நீளமான விரல்கள். நல்ல மனசுக்கார நர்ஸ் ஒருத்தி குழந்தையைத் துடைத்து, வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்திருங்கள் என்றாள். இவள் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். கணவன் வைத்திருந்தான். நாத்தனார் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, தினமும் பேசியதுபோலவே குனிந்து ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று யாருக்கும் கேட்கவில்லை.

அடக்கம் செய்ய எடுத்துப் போகும் நேரம். கணவன் வீட்டுக்குப் போய்க் குழந்தைக்கென்று வைத்திருந்த சட்டையை எடுத்துவந்தான். கூடவே ஒரு சாம்பல் யானையும் அவன் கையில் இருந்தது. பெட்டியிலிருந்து எடுத்திருக்கிறான். அதைக் குழந்தையின் பக்கத்தில் வைக்கட்டுமா என்று கண்ணாலேயே கேட்டான்.

இவள் சொன்னாள், "அது அந்தம்மாவோடதுங்க. எண்ணிக்கை குறையும்."

அவளுக்கே அந்தக் குரல் யாருடையது என்று தெரியவில்லை. அவன் யானையை அக்காவிடம் கொடுத்தான்.

யானைகள் சொன்ன நாளுக்கு ஒருநாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன. நாத்தனார்தான் வண்டியில் ஏற்றி இறக்கிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்த இரண்டொரு நாளில் அவளுக்குப் பால் கட்டியது. குடிக்கப் பிள்ளையில்லை என்று மாருக்குத் தெரியுமா? ஜாக்கெட் நனைந்து, புடவை நனைந்து, படுக்கை நனைந்தது. அம்மா துணியை இறுக்கிக் கட்டிவிட்டாள். அந்த நேரம் பார்த்துத்தான் அம்மாவின் வாயிலிருந்து அது வந்தது. அவளும் பேத்தியைப் பறிகொடுத்தவள், எங்கே கொட்டுவது என்று தெரியாமல் கொட்டினாள். "தலையால அடிச்சுக்கிட்டேன். உக்காந்து உக்காந்து தச்சியே, கேட்டியா?" நச்சுக்கொடி சரியாக வேலை செய்யாமல் போனதுதான் காரணம், தையலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, யாராலும் முன்கூட்டித் தெரிந்திருக்க முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் டாக்டர் ஒருமுறைதான் சொன்னார். அம்மாவின் வார்த்தை அவளுக்குத் தினமும் கேட்டது. அம்மா ஊருக்குப் போனபிறகும் கேட்டது.

விரல் மரத்துப்போவது மட்டும் நர்ஸ் சொன்னபடியே போய்விட்டது. ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தாள். பத்து விரலும் அவளுடையவையாக இருந்தன. சுறுசுறுப்பாக, லேசாக. அந்தக் கைகளைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

போன் ஓயவில்லை. பாப்பா வந்தாச்சா? பையனா, பெண்ணா? படம் போடுங்களேன். அம்மாவும் பிள்ளையும் சுகமா? எல்லாரும் பிரியத்தோடு கேட்டவர்கள், ஒருவரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. புண்ணில் கைபடுவதற்குக் கெட்ட எண்ணம் வேண்டியதில்லையே. ஒருநாள் நாத்தனார் வந்து தொழில் போனை இவளுடைய தலைமாட்டிலிருந்து எடுத்தாள். ஜன்னலோரம் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத ஆரம்பித்தாள். எல்லாருக்கும் பொதுவாக ஒரு வரி போட்டிருக்கலாம், அவள் அப்படிச் செய்யவில்லை. அந்தப் படத்தைப் போட்டவள் தான்தானே என்று நினைத்திருப்பாள். சிலர் உடனே கூப்பிட்டார்கள். அவர்களுக்குக் குரல் நடுங்காமல் பேசினாள். அவர்கள் அழுதால் ஆறுதலும் சொன்னாள். இருட்டுவதற்குள் முடித்துவிட்டு, போனை அணைத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். படுத்தபடியே இவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை நன்றி சொல்லத் தோன்றவில்லை.

அதன்பிறகு நாத்தனார் வருவது குறைந்தது. நூலையும் ஊசிகளையும் தன் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டாள். வந்த வருமானத்தில் பாதியைத் தம்பியிடம் கொடுத்தனுப்பினாள். கூடம் காலியானது. அவ்வளவு பெரிய அறை அது என்று இவளுக்கு அதுவரை தெரியாது. இருவருக்கும் சண்டையில்லை. ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் அந்த அறையும் அந்தத் திரையும்தான் கண்முன் வந்தன. அதனால் பார்க்காமலிருந்தார்கள். கணவன் இருவருக்கும் நடுவில், பொட்டலம் சுமக்கிறவனாகப் போய்வந்தான். அவன் லிஃப்ட் குழிக்குள் இறங்கினால் வேலை முடிந்தும் கொஞ்ச நேரம் மேலே வருவதில்லை என்று கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள்.

சில மாதங்கள் கழிந்தன. கணவனுக்குச் செருப்பு வாங்கப் பெரிய சாலைக்குப் போயிருந்தார்கள். அவன் கடைக்குள் அளவு பார்த்துக்கொண்டிருந்தான். இவள் வெளியே வந்து நின்றாள். எதிர்ப்பக்கம் கண்ணாடி ஜன்னலுக்குள் யானைகள்.

பாதிக்கு மேல் விற்றுப் போயிருந்தன. மிச்சம் இருந்தவை இரண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவள் சாலையைக் கடந்து போனாள். தனக்கும் நாத்தனாருக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாத வித்தியாசங்கள் அவளுக்குத் தெரிந்தன. இது நான் முழுசாகச் செய்தது. இது அண்ணி பின்னியது, தும்பிக்கை கொஞ்சம் தடிமன். உள்ளே ஒரு சின்னப் பெண் ஒரு யானையைத் தும்பிக்கையைப் பிடித்துத் தூக்கி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடினாள். அந்த அம்மா சரியென்று தலையாட்டினாள். அவ்வளவு சுலபமாக. இவள் அங்கேயே, நடைபாதையில், ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கணவன் ஒரு கால் புதுச் செருப்பும் ஒரு கால் பழசுமாக ஓடி வந்தான். வீட்டுக்குப் போகலாம் என்றான். அவள் வேண்டாமென்றாள். அண்ணி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள்.

நாத்தனார் கதவைத் திறந்ததும் இவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டாள். கணவன் வாசலிலேயே நின்றுகொண்டான். உள்ளே நூலும் பஞ்சும் மூலையில் ஒழுங்காக அடுக்கியிருந்தன. கட்டில்மேல் பாதி பின்னிய மேசை விரிப்பு கிடந்தது. பொம்மை ஒன்றுகூட இல்லை. அந்த மாதங்களில் நாத்தனார் பைகளும் விரிப்புகளும் மட்டும்தான் செய்திருந்தாள்.

"ஒரு யானைகூட அவளுக்குக் குடுக்கல அண்ணி" என்றாள் இவள். "அவர் கொண்டுவந்தார். நான் எண்ணிக்கை குறையும்னு சொன்னேன். எவளாவது அப்படிச் சொல்வாளா?"

அதெல்லாம் ஒன்றுமில்லை, அந்த நேரம் உனக்குச் சுயநினைவே இல்லை என்று நாத்தனார் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"தம்பி அதை என் கையிலதான் குடுத்தான்" என்றாள். "நீ பார்க்கல. நான் நினைச்சிருந்தா அவ பக்கத்துல வச்சிருக்கலாம். வீடுவரைக்கும் கையிலயே வச்சிருந்தேன். அப்புறம் பெட்டியில போட்டு மூடிட்டேன். பெத்தவ நீ, வேண்டாம்னு சொல்லிட்ட. அத்தைக்காரி நான், எனக்கு எங்க போச்சு புத்தி?"

இருவரும் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான். குழந்தை போய் இத்தனை மாதத்தில் அதுதான் முதல் தடவை. வாசலில் நின்றவனும் உள்ளே வந்து, சுவரோரம் தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான். யாரும் யாரையும் தேற்றவில்லை. வெகுநேரம் கழித்து நாத்தனார் எழுந்து போய்த் தேநீர் போட்டுக் கொண்டுவந்தாள். அதில் சர்க்கரை போட மறந்திருந்தாள். மூன்று பேரும் அப்படியே குடித்தார்கள்.

போகும்போது இவள் கட்டில்மேல் கிடந்த விரிப்பை எடுத்துப் பார்த்தாள். ஓரம் சுருண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் நூல் வளையத்தைக் கூட்டாமல் விட்டிருக்கிறாள் நாத்தனார். "இதை யார் வாங்குவா, கிண்ணம் மாதிரி நிக்குது" என்றாள். வீட்டுக்கு எடுத்து வந்தாள். பிரித்துத் திரும்பப் பின்னினாள். அடுத்த வாரம் தள்ளுவண்டி மறுபடியும் அந்தத் தெருவுக்கு வந்தது. நூல் மூட்டைகள் படியேறின.

முன்போல இல்லை தொழில். பொம்மை கேட்டு வருகிறவர்களிடம், இப்போது செய்வதில்லை என்று நாத்தனார் சுருக்கமாகச் சொல்லி அனுப்பினாள். பைகள், விரிப்புகள், விளக்குக் கூடுகள் என்று செய்தார்கள். சில நாள் இருவரும் காலையிலிருந்து சாயங்காலம்வரை பேசாமல் பின்னினார்கள். சில நாள் பழையபடி சிரித்தார்கள். சிரித்தபிறகு இருவரும் கொஞ்சம் அடங்கிப் போவார்கள். இன்னொரு குழந்தையைப் பற்றிக் கேட்டவர்களுக்கு அவள் பதில் சொல்லவில்லை. கணவனும் அவளும்கூட அதைப் பேசிக்கொள்ளவில்லை. இன்னொரு குழந்தை வரவுமில்லை.

மறு வருஷம் ஒரு கண்காட்சியில் சின்னதாக இடம் பிடித்துக் கடை போட்டார்கள். நல்ல கூட்டம். ஒரு பெண்மணி பை ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி, எல்லாரையும் கேட்பதுபோலச் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"நல்லா செய்றீங்க. வீட்ல எத்தனை புள்ளைங்க?"

நாத்தனார் பேச்சை மாற்ற வாயெடுத்தாள். அதற்குள் இவள் பதில் சொன்னாள்.

"ஒரு பொண்ணு. பொறக்கும்போதே இறந்துட்டா."

 மன்னிச்சுக்கோம்மா என்றாள் கேட்டவள். பையைக் கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள். தடுமாற்றத்தில் நாத்தனார் பக்கம் திரும்பி, "உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டாள். கேட்டபிறகு இன்னும் தவித்தாள்.

நாத்தனார் இத்தனை வருஷமாக அந்தக் கேள்விக்கு இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள். அன்று திருப்பிக்கொள்ளவில்லை.

"எனக்குப் புள்ளை இல்லம்மா" என்றாள். "நான் அந்தப் பொண்ணுக்கு அத்தை."

பிறகு பையை வாங்கி, அதன் வாயை விரித்து உள்ளே தைத்திருந்த துணியைக் காட்டி, இது துவைத்தாலும் சாயம் போகாது என்று சொல்ல ஆரம்பித்தாள்.